இடது பின்கதவின் ஒடுக்கு

வண்டியில் விழுந்த பள்ளத்தை நிரப்பிப் பூசுகிற ‘பட்டி’ காயும்போது ஒரு வாடை வரும். கனிந்த வாழைப்பழத்தையும் மண்ணெண்ணெய் நனைத்த துணியையும் ஒரே பையில் கட்டி வைத்து மூன்று நாள் கழித்துத் திறந்தது போன்ற வாடை. பேட்டையில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி, இடிபட்ட கார்களைத் தட்டிச் சரிசெய்யும் ‘டிங்கர்’ பட்டறை ஒன்று இருந்ததால், எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அந்த வாடையோடுதான் பொழுது விடிந்தது. இன்று பாளையங்கோட்டையில் ஓர் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் உட்கார்ந்து, மோதிய வண்டிகளின் படங்களைக் கணினியில் ஒவ்வொன்றாகத் திறந்து, இது இப்போது விழுந்த ஒடுக்கா, முன்பே விழுந்து மறைத்து வைத்த ஒடுக்கா என்று பார்த்து எழுதுவதே என் பிழைப்பாகிவிட்டது. படத்திலிருந்து வாடை வராது. ஆனாலும் என் விரல்களில் அது எப்போதும் இருக்கிறது. ஏனென்றால் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் நான் மாடல் கார் செய்கிறேன். ஐம்பதை நெருங்குகிற பொம்பளை கார் பொம்மை செய்கிறாள் என்று அக்கம்பக்கத்தில் சிரிக்கிறார்கள். பொம்மை இல்லை, மாடல், அளவு பார்த்துச் செய்வது என்று முதலில் திருத்திக்கொண்டிருந்தேன். இப்போது அலுத்துவிட்டது, சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

இந்தப் பைத்தியம் பிடித்தது என்னுடைய பத்தாவது வயதில். அப்பா அப்போது டவுணில் ஒரு முதலாளியிடம் வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். வெள்ளை அம்பாசடர். வண்டி முதலாளியுடையதுதான் என்றாலும் வீட்டில் அதை ‘நம்ம வண்டி’ என்றே சொல்லுவோம். பம்பாயில் வேலை பார்க்கும் கல்லிடைக்குறிச்சிக் குடும்பம் ஒன்று ஊருக்கு வந்திருந்தபோது அந்த வண்டியில் நாலைந்து நாள் சுற்றியது. அவர்களை ரயிலேற்றிவிட்டு வந்து பார்த்தால், பின்சீட்டில் அவர்கள் வீட்டுப் பையன் விட்டுப்போன ஓர் ஆங்கிலப் புத்தகம் கிடந்தது. வழவழவென்ற தாள், பக்கத்துக்குப் பக்கம் மாடல் கார்களின் வண்ணப் படங்கள். அடுத்த வருஷம் அவர்கள் வந்து கேட்டால் கொடுக்க வேண்டும் என்பதற்காக அப்பா அதற்குப் பழுப்புத்தாள் அட்டை போட்டு, “மடக்கப்புடாது, எச்சி தொட்டுப் பக்கத்தத் திருப்பப்புடாது, கேட்டியளா” என்று சொல்லித்தான் எங்கள் கையில் கொடுத்தார். மற்றவர் பொருளில் அவருக்கு அவ்வளவு பயம்.

எங்கள் என்றால் நானும் அண்ணனும். அண்ணன் என்னைவிட இரண்டு வயது பெரியவன், கணக்கில் புலி. அந்தப் புத்தகத்தில் ஒரு படம் எங்களைப் பல நாள் குழப்பியது. ஒரு வெள்ளைக்காரர் மேசைமேல் சின்னக் கார் ஒன்றை வைத்து, பல் துலக்கும் பிரஷ்ஷால் அதன்மேல் சேறு தெறிக்க விட்டுக்கொண்டிருந்தார். பாடுபட்டுப் புதுக் காரைச் செய்துவிட்டு அதை ஏன் அழுக்காக்குகிறார்? அண்ணன் அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு நாள் எழுத்துக்கூட்டி, கடைசியில் விஷயத்தைக் கண்டுபிடித்தான். நிஜ வண்டியில் என்னவெல்லாம் இருக்கிறதோ அதுவெல்லாம் மாடலிலும் இருக்க வேண்டுமாம், துரு இருந்தால் துரு, கீறல் இருந்தால் கீறல். அப்படி இருந்தால்தான் அது மாடல், இல்லாவிட்டால் வெறும் பொம்மை. இதைக் கேட்டதும் எனக்கு என்ன ஆனதென்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்த எதையும் நான் அப்படி நம்பியதில்லை.

நம்ம வண்டியை இருபதில் ஒரு பங்கு அளவில் செய்வதென்று முடிவெடுத்தோம். ஆனால் அளவெடுக்க வண்டி வேண்டுமே. அது காலையில் வாசலில் வந்து நின்றால், அப்பா குளித்துச் சாப்பிட்டுக் கிளம்பும் அரைமணி நேரம்தான் நிற்கும். அம்மாவின் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு ஓடுவோம்; முன்பக்கம் அளந்து முடிப்பதற்குள் வண்டி கிளம்பிவிடும். பானெட்டின் நீளமும் ஒரு கண்ணாடியின் அகலமும் தவிர அண்ணனின் நோட்டில் வேறொன்றும் ஏறவில்லை.

அந்த வருஷம் ஆவணித் திருவிழாவுக்குத் திருச்செந்தூர்ச் சவாரி ஓயாமல் இருந்தது. கோயிலுக்குப் போகிறவர்களைக் கொண்டுவிடுவதும் வந்தவர்களைக் கூட்டி வருவதுமாக அப்பா நாலு நாள் சேர்ந்தாற்போலத் தூங்கவில்லை. ஐந்தாம் நாள் காலை பத்து மணிக்கு வண்டி வீட்டுக்கு வந்தது. வழக்கம்போல வாசலில் நிற்காமல் பக்கத்துச் சந்து வழியாகப் பின்பக்கம் போய் வேப்பமரத்தடியில் நின்றது. அப்பா இறங்கவில்லை, ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். அம்மா செம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

“கண்ணு அசந்துட்டு. ஒரு நிமிசந்தான். பாலத்துச் சொவர்ல தேச்சுட்டு” என்றார் அப்பா.

“வண்டிக்குள்ள ஆளு?”

“ஒருத்தருமில்ல. எறக்கி விட்டுட்டுத்தான் வந்தேன்.”

இடது பின்கதவில், கைப்பிடிக்குக் கீழே, ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குத் தகரம் உள்ளே குழிந்து, நடுவில் நீளமாக ஒரு கீறல். முதலாளியிடம் ஒரு சட்டம் உண்டு. வண்டியில் இடி விழுந்தால் அன்றைக்கே சாவியை வாங்கிக்கொள்வார். அதற்கு முந்தின வருஷந்தான் இன்னொரு டிரைவர் அப்படிப் போயிருந்தார். நல்லவேளையாக முதலாளி கல்யாண வீட்டுக்கென்று மதுரைக்குப் போயிருந்தார், வருவதற்கு மூன்று நாள் ஆகும். பட்டறைக்காரரிடம் கையில் வேறு வேலை இருந்ததால் நாளைக்குத்தான் தொட முடியும் என்றார். அப்பா வண்டியின் மேல் தார்ப்பாயைப் போட்டு மூடினார். எங்கள் இருவரையும் கூப்பிட்டு, “வாயத் தெறக்கப்புடாது. ஒருத்தர்ட்டயும் சொல்லப்புடாது. முதலாளி காதுக்குப் போச்சுன்னா நமக்குச் சோறு கெடையாது” என்றார்.

வெட்கத்தோடுதான் சொல்கிறேன், எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது. ஒரு முழு நாள் வண்டி வீட்டில் நிற்கப் போகிறது! அளந்துகொள்ளட்டுமா என்று அப்பாவிடம் கேட்டேன். தலையைத் தூக்காமலே, “என்னமும் செய்யுங்க” என்றார். தார்ப்பாய்க்குள் புகுந்து, புழுக்கத்தில் வேர்வை கண்ணில் இறங்க, நான் டேப்பைப் பிடித்துச் சொல்லச் சொல்ல அண்ணன் எழுதினான். நீளம் நானூற்று முப்பது சென்டிமீட்டர், இருபதால் வகுத்தால் இருபத்தொன்றரை. சக்கரம், கதவு, கைப்பிடி, பின்விளக்கு என்று ஒன்றையும் விடவில்லை. ஒடுக்கையும் அளந்தோம். குறுக்களவு இருபத்து நாலு, வகுத்தால் ஒன்று புள்ளி இரண்டு. மறுநாள் பட்டறைக்காரர் கதவைத் தட்டி நிமிர்த்தி, பட்டி வைத்துத் தேய்த்து, பெயின்ட் அடித்தார். கண்ணை ஒட்ட வைத்துப் பார்த்தாலும் அடையாளம் தெரியவில்லை. முதலாளி மதுரையிலிருந்து வந்தபோது வண்டி ஷெட்டில் பளபளவென்று நின்றது.

அதற்குப் பிறகு ஆயுத பூஜை வரைக்கும் எங்கள் இருவருக்கும் வேறு நினைப்பே இல்லை. பழைய காலண்டர் அட்டையில் சட்டம் அடித்து, பவுடர் டின்னைப் பிரித்து எடுத்த மெல்லிய தகரத்தை அதன்மேல் வளைத்து ஒட்டினோம். பிய்ந்த ரப்பர் செருப்பை வட்டமாக வெட்டிச் சக்கரம் செய்தோம். மாத்திரை அட்டையின் குமிழ்கள் முன்விளக்குகளாயின. பழைய எக்ஸ்ரே படத்தைச் சலவைச் சோடாவில் ஊறவைத்துத் தேய்த்தால் கறுப்பு போய்த் தெளிந்த கண்ணாடியாகும் என்று அண்ணன் எங்கோ கேட்டுவந்து செய்தான். நிஜ வண்டியில் சீட்டுக்கு மேல் வெள்ளைத் துண்டு விரித்திருக்கும், அதற்கு அம்மா துணி கொடுத்தாள். முன்னால் ஒட்டியிருந்த முருகன் படத்துக்குத் தீப்பெட்டி அளவுகூட இல்லாத ஒரு படத்தைத் தேடி ஊரெல்லாம் அலைந்து, கடைசியில் ஒரு பாக்கெட் காலண்டரிலிருந்து வெட்டினேன். பட்டறையில் மிஞ்சிய வெள்ளை பெயின்ட்டையே கேட்டு வாங்கி அடித்ததால் நிறம்கூட அதே நிறம். அப்பா ஒருநாள் அவசரமாகச் சாப்பிட வந்தவர், பாதி முடிந்திருந்ததைக் கையில் எடுத்துப் பார்த்து, “ஸ்டியரிங் சுத்துமா?” என்று கேட்டார். சுற்றவில்லை. அன்றைக்கே பிரித்துச் சுற்ற வைத்தோம்.

ஒடுக்கு மட்டும் பாக்கியிருந்தது. நோட்டில் எழுதியிருந்த அந்த ஒரு வரியை அண்ணன் அடித்துவிட்டான்.

“இத விட்டுரு. அப்பா சொல்லப்புடாதுன்னாருல்லா.”

“நான் எங்க சொல்லுதேன்? செய்யத்தான செய்யுதேன்?” என்றேன்.

அவன் தலையில் அடித்துக்கொண்டு குழாயடிக்குத் தண்ணீர் எடுக்கப் போனான். பூஜைக்கு முந்தின நாள் மத்தியானம் அது. அவன் திரும்பி வருவதற்குள் சமையலறையிலிருந்து ஒரு கரண்டியை எடுத்து வந்து, அதன் முதுகை இடது பின்கதவில் வைத்து அழுத்தினேன். ஒன்று புள்ளி இரண்டு. கீறலுக்கு ஒரு குண்டூசி. எவ்வளவு நேர்த்தியாக வந்தது என்பதை இன்றைக்கும் என்னால் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியும். வாயால் சொல்லவில்லை என்ற ஒரே நியாயத்தில் மனசும் தெளிவாக இருந்தது.

டவுணில் முதலாளியின் ஷெட்டில் ஆயுத பூஜை என்றால் டிரைவர்கள் எல்லாரும் குடும்பத்தோடு வரவேண்டும். ஏழு கார்களும் கழுவி, வாழைக்கன்று கட்டி, சந்தனம் குங்குமம் வைத்து வரிசையாக நிற்கும். சாமி படத்துக்கு முன்னால் ஒரு பித்தளைத் தட்டில் ஏழு சாவிகளும் இருக்கும். அன்றைக்கு எந்த வண்டியும் ஓடாது. மறுநாள் விஜயதசமி காலையில் டிரைவர்கள் குளித்துவிட்டு வந்து அவரவர் சாவியைத் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போக வேண்டும்; அந்த வருஷத்துப் பிழைப்பு அங்கிருந்துதான் தொடங்கும். அப்பளம் வந்த அட்டைப் பெட்டியில் மாடலை வைத்துக் கொண்டுபோயிருந்தோம். நான் அதை எடுத்து நம்ம வண்டியின் பானெட்டில் வைத்தேன். அப்பா முழுசாக அதைப் பார்த்தது அப்போதுதான். முகமெல்லாம் சிரிப்பாக அருகில் வந்தவர், இடது பக்கத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றார். பிறகு ஒன்றும் நடக்காதது போல, அந்தப் பக்கம் வண்டியின் முன்கண்ணாடியைப் பார்த்து இருக்கும்படி மாடலைத் திருப்பி வைத்தார். நான் அதைச் சரிதானென்று நினைத்தேனா, கவனிக்கவே இல்லையா, நினைவில்லை.

முதலாளி வந்தார். நல்ல மனுஷர், குழந்தைகளைக் கண்டால் நின்று பேசுவார். “ஏ, அச்சு அசலு நம்ம வண்டில்லா! யாரு செஞ்சா?” என்று மாடலை இரண்டு கையாலும் எடுத்து, சுற்றியிருந்த டிரைவர்களுக்கெல்லாம் காட்டினார். ஸ்டியரிங்கைச் சுற்றிப் பார்த்தார். முருகன் படத்தைக் கண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்போது அவருடைய கட்டைவிரல் இடது பின்கதவில் போய் நின்றது.

“அடடா, இங்கன நெளிஞ்சுபோச்சே. கீழ போட்டுட்டியோ தாயி?”

அவ்வளவுதான், தப்பிக்கும் வழியை அவரே திறந்து வைத்துவிட்டார். ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் போதும். அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் ஒன்றரை மாதம் உழைத்துச் செய்ததை நான் கீழே போட்டுவிட்டேனா? இவ்வளவு சரியாக அளந்து வைத்ததைக் கைதவறி விழுந்தது என்பதா? எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது.

“கீழ போடல. வண்டியில இருந்துச்சு. அளந்துதான் வச்சேன்” என்றேன்.

முதலாளி மாடலை என் கையில் கொடுத்துவிட்டு வண்டியின் இடது பக்கம் போனார். முன்கதவை விரல் முட்டியால் தட்டினார், ‘டங்’ என்று தகரச் சத்தம் வந்தது. பின்கதவைத் தட்டினார். பட்டி கனமாகப் பூசிய இடம், ‘பொத்’ என்றது. இன்னொரு முறை தட்டிக் கேட்டுவிட்டு வந்தார். பூஜையை நடத்தினார். பூசணிக்காய் உடைத்தார்கள். எல்லாருக்கும் போல எங்களுக்கும் பொரியும் சுண்டலும் கொடுத்தார். கிளம்பும்போதுதான் அப்பாவைக் கூப்பிட்டார்.

“நாளைக்கு நீரு சாவி எடுக்க வரவேண்டாம் வே. இடிச்சதுக்காகச் சொல்லல. எங்கிட்டச் சொல்லலைல்லா, அதுக்குத்தான்” என்றார்.

சொல்லியிருந்தாலும் சாவியை வாங்கியிருப்பாரே என்று யாரும் கேட்கவில்லை. அப்பாவும் கேட்கவில்லை. பேட்டைக்குத் திரும்பிய பஸ்ஸில் நிற்க இடமில்லை. அந்த நெரிசலில் அப்பா அப்பளப் பெட்டியை நசுங்கிவிடாமல் இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டே வந்தார். அவர் என்னைத் திட்டவில்லை. அன்றைக்கும் இல்லை, பிறகும் இல்லை. நாலு அடி அடித்திருந்தால் அன்றோடு தீர்ந்திருக்கும் என்று எத்தனையோ நாள் ஆத்திரப்பட்டிருக்கிறேன்.

மறுநாள் நான் அதே கரண்டியை உள்பக்கமாக விட்டு ஒடுக்கை நிமிர்த்தப் பார்த்தேன். தகரம் கிழிந்தது. பட்டறையில் பட்டி வாங்கி வந்து பூசினேன், அழுகையும் அந்த வாடையுமாக மூக்கடைத்துப்போனது. அதன்பின் அந்த மாடலை நான் தொடவில்லை. வீடு மாறியபோது எங்கோ போய்விட்டது. அப்பா சிமென்ட் லாரிக்குப் போனார். போனால் பதினைந்து நாள் கழித்து வருவார், வந்தால் இரண்டு நாள் தூங்குவார். கணக்கில் புலியாக இருந்த அண்ணன் பன்னிரண்டாவதோடு நின்று திருப்பூர் போனான். அவன் அனுப்பியதில்தான் நான் காலேஜ் படித்தேன். அவன் படித்திருக்க வேண்டிய படிப்பு அது. இதுவரை அவன் அதைச் சொல்லிக்காட்டியதில்லை. போனில் பேசினால் கடைசியில், “இன்னும் காருதான் செய்யுதியா?” என்று கேட்பான். ஆமாம் என்பேன். “செய்யி, செய்யி” என்பான்.

பதினாலு அம்பாசடர் செய்துவிட்டேன். இப்போது எல்லாம் வாங்கக் கிடைக்கிறது, பிளாஸ்டிக் தகடு, அளவான டயர், தெளிக்கிற பெயின்ட் எல்லாம். போனில் மாடல் செய்கிறவர்களின் குழு ஒன்றில் இருக்கிறேன். அங்கே எல்லாரும் துருவும் சேறும் வைத்துப் பார்க்கிறவர்களைக் கிறங்கடிக்கிறார்கள். ‘உங்க வண்டி மட்டும் ஏன் மேடம் எப்பவும் ஷோரூம்ல நிக்கிற மாதிரியே இருக்கு?’ என்று ஒரு பையன் எழுதினான். எனக்கு அது வராது என்று பதில் போட்டேன். ஒரு வண்டியின் ஒடுக்கைத் தொழிலுக்காகப் பகல் முழுவதும் தேடுகிறவள், வீட்டிலும் அதையே எப்படிச் செய்வது? இதுவும் பாதிதான் உண்மை.

முதலாளி போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிறது. ஷெட் இருந்த இடத்தில் செல்போன் கடை. அந்த மாதிரிக் கார் ஒன்றை ரோட்டில் பார்த்தே வருஷக்கணக்காகிறது. பவுடர்கூட இப்போது பிளாஸ்டிக் டப்பாவில்தான் வருகிறது. அம்மா இல்லை. அப்பா என்னோடு இருக்கிறார், எழுபத்தெட்டு வயது. சர்க்கரை இரண்டு கண்ணையும் தின்றுவிட்டது. நான் செய்த பதினாலில் ஒன்றையும் அவர் சரியாகப் பார்த்ததில்லை. அதனால் பதினைந்தாவதைப் பழையபடி தகரத்தில் செய்தேன். தொட்டால் வண்டியைத் தொடுவது போல ஜில்லென்று இருக்கட்டும் என்று ஓர் எண்ணம்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை காப்பி குடித்து முடித்ததும் அதை அவர் மடியில் வைத்தேன். தடவிப் பார்த்தார். பானெட், முன்விளக்கு, கூரையின் வளைவு. சுண்டுவிரலை உள்ளே விட்டு ஸ்டியரிங்கைச் சுற்றினார், சிரித்தார். பிறகு விரல்கள் இடது பக்கம் போயின. முன்கதவு, கைப்பிடி, பின்கதவு. அங்கே நின்றன. வழவழவென்றிருந்த அந்தத் தகரத்தை மேலும் கீழுமாகத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார்.

“ஏட்டி, இங்கன ஒரு ஒடுக்கு உண்டும்லா?”

காலி டம்ளரை எடுக்கக் குனிந்த நான் நிமிர்ந்தேன்.

“அத விட்டா எப்படி? இது நம்ம வண்டின்னு நான் எப்படி நம்ப?” என்றார்.

சமையலறைக்குப் போய்க் கரண்டியை எடுத்து வந்து அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்து, கரண்டியின் முதுகைக் கைப்பிடிக்குக் கீழே கொண்டுபோய் வைத்தார். முப்பத்தெட்டு வருஷம் கழித்தும் அவருக்கு இடம் தவறவில்லை.

“பைய அழுத்து” என்றார்.